இடப்பக்கம் ஏழாவது பல்

சூடு ஆறட்டும் என்று முதலில் விட்டுவிடுவேன்.
சைலன்சரில் பட்டு வாங்கிய தழும்பு
மணிக்கட்டில் இன்னும் பளபளக்கிறது.
அதற்குள் சந்தியாகு குளித்துவிட்டு வந்தார்.
"தென்னதான், கீழத்தெருவுல, ரெண்டு சாஞ்சு கெடந்துச்சு"
என்றார், நான் கேட்காமலே.

பிளக் வயரைப் பிடுங்கினேன்.
செயினில் கை வைக்கும் முன் இது.
மறந்தவன் ஒருவனுக்குத் திருப்பூண்டியில்
ஏழு விரல்தான்.
இரண்டு நட்டு, பக்கமூடி, உள்ளே
எண்ணெயில் குழைந்து அப்பியிருக்கும் தூள்.
பழைய டூத் பிரஷ்ஷால் வழித்தால்
அன்றைக்கு என்ன மரம் என்று தெரிந்துவிடும்.
வேம்பு என்றால் தொண்டைவரை கசக்கும்.
தென்னை தூளாகவே வராது, நார்நாராய்
ஸ்பிராக்கெட்டைச் சுற்றிக்கொண்டு அடம்பிடிக்கும்,
ஸ்க்ரூ டிரைவர் முனையால் நோண்ட வேண்டும்.

இன்று நோண்டவே இல்லை.
கருஞ்சிவப்பாய், மெத்தென்று
காப்பித்தூள்போல் பேப்பரில் உதிர்ந்தது.
உள்ளங்கையில் ஏந்தி பல்புக்கடியில் பார்த்தேன்.
பூவரசு.

வேட்டைக்காரனிருப்பில் பூவரசுக்கா பஞ்சம்.
ஆனால் இவ்வளவு வைரம் பாய்ந்தது
ஒன்றுதான் நின்றது, மதகோரம்.
அதை வெட்டக்கூடாது என்று எழுதிய மனுவில்
எட்டாவது கையெழுத்து என்னுடையது.

ஏர் ஃபில்டரைத் தட்டினேன். அதிலும் அதே நிறம்.
சோப்புத் தண்ணீரில் அலசிக் கொடியில் மாட்டினேன்,
அவர் பனியனுக்குப் பக்கத்தில்.
பிளக் முனை டீ நிறத்தில் இருந்தது,
நன்றாகத்தான் எரிந்திருக்கிறது, மெஷினைக் குறை சொல்ல முடியாது.
பாரின் காடியை ஆக்சா பிளேடால் கீறினேன்.
எண்ணெய் ஓட்டையைக் குத்திவிட்டேன்.
போன வாரம் மேலே இருந்த விளிம்பைக் கீழே திருப்பினேன்,
ஒரே பக்கம் தேயக்கூடாது.

பிறகு அரம்.
இந்தப் பக்கம் பதினெட்டுப் பல், அந்தப் பக்கம் பதினெட்டு.
முப்பது டிகிரி சாய்வு, உள்ளிருந்து வெளியே,
பல்லுக்கு மூன்று தள்ளு.
திரும்பி வரும்போது அரம் தொடக்கூடாது.
இடப்பக்கம் ஏழாவதில் வழுக்கியது.
மூக்கு மழுங்கி
ஓரம் வெள்ளையாய் மின்னிக்கொண்டிருந்தது.
இரும்பைக் கடித்த பல்.

அந்த ஆணி எனக்குத் தெரியும்.
ஐந்து அங்குலம்.
புயல் வருடம், கடைமடையில் முழங்காலுக்கு மேல்
தண்ணீர் ஏறிய ராத்திரி,
ஆட்டைக் கட்ட நான் அடித்தது, குழவிக்கல்லால்.
மரம் அதை மெல்ல விழுங்கிப் பட்டையை மூடிக்கொண்டது.

சட்டைப்பையிலிருந்து சாயங்காலமே
இரண்டாயிரத்து இருநூறு எண்ணி வாங்கி
செவ்வாய்க்கிழமைத் தவணைக்கு என்று
அரிசி டின்னுக்கு அடியில் வைத்துவிட்டேன்.
முந்நூறு குறையுதே என்று
முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதும் நான்தான்.

ஏழாவதை, வெள்ளை மறையும்வரை,
பதினான்கு தள்ளு. எண்ணினேன்.
ஒரு பல் குட்டையானால்
மற்ற முப்பத்தைந்தும் அதன் அளவுக்கு இறங்க வேண்டும்.
இல்லாவிட்டால் ஒரு பக்கமாய் இழுக்கும்,
வெட்டு வளையும், பிடித்திருப்பவர் தொடைப் பக்கம் எகிறும்.
எவ்வளவு கோபம் என்றாலும் அது வேண்டாம்.
ராவிக்கொண்டே இருந்தேன்.
மடியெல்லாம் இரும்பு மினுக்கம்.

செயினை மாட்டி இறுக்கினேன்:
அடியில் தொங்கவும் கூடாது,
கையால் இழுத்தால் ஓடாமல் நிற்கவும் கூடாது.

"ஆச்சா?"
ரசஞ்சோற்றிலிருந்து தலை நிமிரவில்லை.
"ஆச்சு. தென்னமரத்துல ஆணி இருந்துருக்கு."

அப்பளம் நொறுங்கும் சத்தம் நின்றது.
வெளியே வாய்க்காலில் ஒரு தவளை,
பிறகு எல்லாத் தவளையும்.

"நாளைக்கு எங்க?"
பதில் இல்லை.
ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு
நாற்பது மில்லி ஆயில் ஊற்றிக் குலுக்கி
கேன் மேல் தேதி எழுதினேன்.
ஒரு மாசத்துக்கு மேல் வைத்தால் கெட்டுவிடும்.